வேரின் தாகம் வேருக்கே தெரியும்

2024 மார்ச் மாதத்தில் பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. வாகனம் கழுவுதல், கட்டுமானப் பணி, அலங்கார நீரூற்று ஆகியவற்றுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்ற அந்த ஆணையின் பட்டியலில் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுதலும் இடம்பெற்றது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். மாடியிலும் பால்கனியிலும் தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்கு இத்தகைய கோடை ஒரு தர்மசங்கடத்தையே தருகிறது. செடி வாடுவதைக் காண மனம் பொறுப்பதில்லை. லாரித் தண்ணீருக்காகக் குடங்களோடு காத்திருப்பவர்களின் கண் முன்னே பூவாளியைத் தூக்கவும் மனம் ஒப்புவதில்லை.

இந்நிலை பெங்களூருக்கு மட்டும் உரியதன்று. 2018 கோடையில் மலைநகரமான சிம்லா தண்ணீரின்றித் தவித்தது. 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வந்ததை நாடே பார்த்தது. நம் பெருநகரங்கள் பலவும் தொலைவிலிருந்து வரும் நீரை நம்பியே வாழ்கின்றன. பெங்களூருக்கு வரும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்து, பல நூறு மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்ட பின்பே குழாயில் விழுகிறது. அவ்வளவு மின்சாரமும் உழைப்பும் செலவழித்துக் கொண்டுவந்த நீரைத் தொட்டியின் மேல் ஊற்றி, அதில் ஒரு பகுதி அடித்துளை வழியே ஒழுகி, மாடித் தளத்தில் ஓடி, சாக்கடையில் கலப்பதைப் பார்த்தபடி நாம் நிற்கிறோம்.

செடி வளர்ப்பதைக் கைவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நகரத்து வெப்பத்திடையே ஒரு கைப்பிடிக் கீரையும் ஒரு செம்பருத்திப் பூவும் தரும் நிறைவு சிறியதன்று. நாம் சொல்ல விரும்புவது இதுதான்: தொட்டிச் செடிகளுக்கு நீர் ஊற்றும் திசையை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. மேலிருந்து ஊற்றுவதை விடுத்து, தொட்டியின் அடியில் ஒரு நீர் அறை அமைத்து, வேர் தனக்கு வேண்டிய அளவைத் தானே எடுத்துக்கொள்ளச் செய்யும் முறையே நம் நகர வீடுகளின் பொது வழக்கமாக வேண்டும்.

மேலிருந்து ஊற்றுவதில் என்ன குறை?

நிலத்தில் நிற்கும் செடிக்கு மேலிருந்து வார்த்த நீர் வீணாவது குறைவு. ஆழத்துக்கு இறங்கிய நீரை வேர் தேடிச் சென்று பிடித்துக்கொள்ளும். தொட்டிச் செடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் உலகம் ஓரடி ஆழத்தில் முடிந்துவிடுகிறது. காய்ந்து சுருங்கிய மண்ணுக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே கோடையில் ஒரு சிறு இடைவெளி உண்டாகும். மேலே ஊற்றிய நீர் மண்ணை நனைக்காமல் அந்த இடைவெளி வழியே விரைந்து இறங்கி அடித்துளையால் வெளியேறிவிடும். நீர் ஒழுகுவதைக் கண்டு செடி குடித்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். உள்ளே வேர்ப்பந்து உலர்ந்தே கிடக்கிறது.

ஒழுகும் நீர் வெறும் நீராகவும் போவதில்லை. நாம் விலை கொடுத்து வாங்கி இட்ட மண்புழு உரத்தின் கரையும் சத்துகளையும் உடன் கொண்டு செல்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர்க்கு இன்னொன்றும் தெரியும். மேல்வீட்டுப் பால்கனியின் பழுப்பு நீர் கீழ்வீட்டுக் கொடியில் உலரும் வெள்ளைச் சட்டையில் சொட்டிய அன்று தொடங்கும் பகை எளிதில் தீர்வதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் 20 தொட்டிகள் இருப்பதாகவும், கோடையில் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் ஊற்றுவதாகவும் கொள்வோம். மொத்தம் 30 லிட்டர். கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் பின்பற்றப்படும் அளவுகோல். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொட்டிகளுக்கே போகிறது. அந்த 30 லிட்டரில் எவ்வளவு ஒழுகி வீணாகிறது என்பது தொட்டிக்குத் தொட்டி மாறும். அறிய விரும்புவோர் ஒரு வாரம் தொட்டியின் கீழே தட்டு வைத்து, வழிந்த நீரை அளந்து குறித்துக்கொள்ளலாம். மாத வரவு செலவை எழுதி வைக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு கடினமானதன்று. எழுதிப் பார்க்கும் வரை எந்தச் செலவும் சிறியதாகவே தோன்றும்.

அகல் விளக்கின் பாடம்

அடியிலிருந்து நீர் தரும் தொட்டியின் இயக்கம் நம் எல்லோர் வீட்டிலும் மாலைதோறும் நடப்பதுதான். அகலில் ஊற்றிய எண்ணெய் திரி வழியே மேலேறிச் சுடரைத் தொடுகிறது. யாரும் அதைத் தள்ளுவதில்லை. நூலிழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய வழிகளில் எண்ணெய் தானே ஏறுகிறது. மேலே எரிந்து தீரும் அளவுக்கே கீழிருந்து ஏறுகிறது என்பதே இதன் சிறப்பு.

தொட்டியிலும் அவ்வாறே. அடியில் நீர் அறை. அதன் மேல் துளையிட்ட ஒரு தட்டு. அதன் மேல் மண்கலவை. மண்கலவையின் ஒரு பகுதியோ ஒரு கயிற்றுத் திரியோ தட்டின் வழியே இறங்கி நீரில் கால் ஊன்றி நிற்கும். அந்தக் கால் வழியே ஈரம் மேலேறி வேர்ப் பகுதியை நனைக்கிறது. இலை வெயிலில் நீரை ஆவியாக விட, வேர் உறிஞ்ச, உலர்ந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து ஈரம் வருகிறது. மேகமூட்டமான நாளில் குறைவாகவும் அனல் வீசும் நாளில் கூடுதலாகவும் செடி தானே எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு ஊற்றுவது, எப்போது ஊற்றுவது என்ற நம் தடுமாற்றத்துக்கு இங்கே இடமில்லை.

துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும். பருமணலில் சில அங்குலங்களே ஏறும். தென்னைநார்த் தூளில் அதனினும் நன்றாக ஏறும். ஆயினும் எந்தக் கலவைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே நீர் மட்டத்துக்கு மேல் மண்கலவையின் உயரம் ஓரடிக்கு மிகாமல் இருப்பது நல்லது. மேற்பரப்பு பெரும்பாலும் உலர்ந்தே இருப்பதால் நீர் வீணே ஆவியாவது குறைகிறது. களை விதைகள் முளைப்பதும், ஈர மண்ணை நாடும் சிறு ஈக்கள் மொய்ப்பதும் குறைகின்றன.

காய்கறி வளர்ப்போர்க்கு மற்றொரு நன்மையும் உண்டு. தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதை நாம் பூச்சி என்றோ நோய் என்றோ எண்ணி மருந்து தேடுகிறோம். பெரும்பாலும் அது காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சென்று சேராமையால் வரும் குறை. மண்ணில் அச்சத்து இருந்தாலும், ஒரு நாள் வறட்சி, ஒரு நாள் வெள்ளம் என நீர் சீரற்று வந்தால் காய்க்கு அது போய்ச் சேர்வதில்லை. பழம் வெடிப்பதற்கும் இந்தச் சீரின்மையே பெரிதும் காரணம். அடியிலிருந்து சீராக வரும் ஈரம் இவ்விரண்டையும் குறைக்கும்.

புதுமை அன்று, மறந்த பழமை

நெகிழித் தொட்டியும் குழாயும் புதியவையாக இருக்கலாம். வேருக்கு மெல்ல நீர் தரும் அறிவு மிகப் பழையது. சுடுமண் பானையைச் செடியருகே கழுத்து வரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து மண்ணை நனைக்கும். கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வேளாண் நூலொன்று இம்முறையைக் குறிப்பிடுகிறது. நம் நாட்டின் வறண்ட பகுதிகளிலும் இது வழக்கில் உள்ளது. ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1970-களில் இந்தப் பானைப் பாசனத்தை ஆராய்ந்தனர். உவர்நீரைக் கொண்டும் காய்கறி விளைவிக்கலாமா என்பது அவர்களுடைய கேள்விகளுள் ஒன்று.

ஒடிசாவில் ஏப்ரல் நடுவில் வரும் பணா சங்கராந்தி அன்று, அடியில் சிறு துளையிட்ட மண்கலயம் ஒன்றைத் துளசி மாடத்தின் மேல் தொங்கவிடுவர். கோடை முழுதும் துளித்துளியாய்த் துளசிக்கு ஈரம் கிடைக்கும். வங்காளத்திலும் இதையொத்த வழக்கம் உண்டு. இங்கே நீர் மேலிருந்து வந்தாலும் அதன் உட்பொருள் ஒன்றே: ஒரே மூச்சில் ஊற்றிய குடத்து நீரைக் காட்டிலும் நாள் முழுதும் சிந்திய ஒரு செம்பு நீர் செடிக்கு உகந்தது. கோடை தொடங்கும் நாளிலேயே அதற்கான ஏற்பாட்டைச் சடங்காக்கி வைத்த முன்னோரின் முன்யோசனையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் சுமப்பது யார்?

இம்முறையை நாம் வலியுறுத்துவதற்கு நீர்ச் சிக்கனம் மட்டுமே காரணமன்று. மாடித்தோட்டம் பற்றிய பேச்சில் எளிதில் மறக்கப்படும் ஒரு கேள்வி உண்டு: அந்த வாளியைச் சுமப்பது யார்?

செடி வாங்கி வருபவர் ஒருவர். மூன்றாம் மாடிக்கு நீர் கொண்டு செல்பவர் பெரும்பாலும் வேறொருவர். முழங்கால் வலியோடு படியேறும் வீட்டு மூதாட்டியாக அவர் இருக்கலாம். பாத்திரம் துலக்க வந்த பணிப்பெண்ணிடம் போகிற போக்கில் ஒப்படைக்கப்பட்ட கூடுதல் வேலையாக அது இருக்கலாம். பள்ளி விடுமுறையில் குடும்பம் ஊருக்குப் புறப்படும்போது வாயிற்காவலரின் கையில் திணிக்கப்படும் சாவியோடு இருபது தொட்டிகளின் பொறுப்பும் போய்ச் சேரும். திரும்பி வரும்போது செடி வாடியிருந்தால் பழியும் அவருக்கே.

ஒவ்வொரு நாளும் 30 லிட்டர் என்பது 30 கிலோ எடை. அடியில் நீர் அறையுள்ள தொட்டிகள் இந்தச் சுமையை இல்லாமல் ஆக்குவதில்லை. ஆனால் வீணாகும் நீரின் எடையைக் குறைக்கின்றன. அன்றாடக் கட்டாயத்தைச் சில நாள்களுக்கு ஒரு முறை என மாற்றுகின்றன. முதியவர் தம் உடல்நலம் இடங்கொடுக்கும் நாளில் நிரப்பிக்கொள்ளலாம். வேலைக்குச் செல்லும் பெண், காலை ஏழு மணியின் நெருக்கடியில் பூவாளியைத் தேட வேண்டியதில்லை. செடி வளர்ப்பு ஓய்வும் ஆள்வசதியும் உடையவர்களின் பொழுதுபோக்காகச் சுருங்காமல், உழைக்கும் குடும்பங்களுக்கும் உரியதாக வேண்டுமானால் இந்த நெகிழ்ச்சி இன்றியமையாதது.

ஆனால் மிகைப்படுத்தல் கூடாது. ஐந்து லிட்டர் நீர் அறை, நிழலில் நிற்கும் மணிபிளாண்டுக்கு வாரக்கணக்கில் போதும். மே மாத வெயிலில் காய்த்துக் குலுங்கும் தக்காளிக்கு இரண்டு மூன்று நாள்களே தாங்கும். ஆகவே பத்து நாள் பயணத்துக்கு முன் ஓர் ஒத்திகை தேவை. நிரப்பிய நீர் எத்தனை நாளில் தீர்கிறது என்று வீட்டில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். கையிருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்று தெரியாமல் பயணம் புறப்படுவது எவ்வகையிலும் அறிவுடைமை ஆகாது.

கொசு என்னும் நியாயமான கேள்வி

இம்முறைக்கு எதிராக எழும் வாதங்களுள் வலுவானது கொசு பற்றியது. தேங்கிய நன்னீரில் முட்டையிடும் ஏடிஸ் கொசுவே டெங்கு, சிக்குன்குனியா ஆகியவற்றைப் பரப்புகிறது. வெப்பமான காலத்தில் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்களே போதும். இதனால்தான் வாரம் ஒரு முறை தேங்கிய நீரை அகற்றுமாறு சுகாதாரத் துறையினர் கேட்டுக்கொள்கின்றனர். தில்லி அரசு 2019-இல் நடத்திய பத்து வாரம், பத்து மணி, பத்து நிமிடம் என்ற இயக்கத்தின் சாரமும் இதுவே. வீட்டுக்குள் நீர்த் தேக்கத்தை நாமே கட்டி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியை மதித்தே ஆக வேண்டும்.

நம் விடை இது. இன்று பெரும்பாலான வீடுகளில் தொட்டிக்கு அடியில் திறந்த தட்டு இருக்கிறது. ஒழுகிய நீர் அதில் தேங்கி நிற்கிறது. கொசுவுக்கு அதைவிட வசதியான பிறப்பிடம் வேறில்லை. மூடிய நீர் அறை அந்தத் தட்டை நீக்குகிறது. ஆனால் அது மெய்யாகவே மூடியதாக இருக்க வேண்டும். நீர் ஊற்றும் குழாயின் வாய்க்கு மூடி வேண்டும். வழிதுளைக்கு நுண்ணிய வலைத்துண்டு ஒட்ட வேண்டும். இரட்டை வாளிகளின் விளிம்புகளுக்கு இடையே உள்ள சந்தையும் துணியாலோ பட்டையாலோ அடைக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் இம்முறை நன்மையை விடத் தீமையே தரும்.

நீர் முற்றும் தீர்ந்து ஓரிரு நாள் அறை உலர்ந்திருந்த பின் மீண்டும் நிரப்புவது மற்றொரு நற்பழக்கம். அடி வேர்களுக்குக் காற்றும் கிடைக்கும். கொசுவின் வளர்ச்சியும் முறியும். ஏடிஸ் கொசுவின் முட்டைகள் நீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் உலர்ந்த நிலையிலும் உயிரோடிருக்கும். ஆதலால் ஆண்டுக்கொரு முறை கலவையை மாற்றும்போது அறையின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவதும் அவசியம். இவ்வளவு கவனம் செலுத்த இயலாதவர்கள் இம்முறையை மேற்கொள்ள வேண்டாம் என்றே சொல்வோம். செடியின் நலத்துக்காகக் குழந்தையின் நலத்தைப் பணயம் வைக்க முடியாது.

உப்பும் ஒரு கடனே

இரண்டாவது வாதம் உப்பு பற்றியது. கீழிருந்து ஏறும் நீர் மேற்பரப்பில் ஆவியாகும்போது, தன்னுள் கரைந்திருந்த உப்பை அங்கேயே விட்டுச் செல்கிறது. மேலிருந்து ஊற்றும்போது அது கழுவப்பட்டு வெளியேறிவிடும். இங்கே அப்படிப் போக வழியில்லை. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் சில மாதங்களிலேயே மண்ணின் மேல் வெள்ளைப் படலம் தோன்றும். இலை ஓரங்கள் கருகும். வட்டி கட்டாத கடன்போல் அது நாளுக்கு நாள் சேரும்.

தீர்வு எளியது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை வழிதுளையின் வலையை நீக்கிவிட்டு, மேலிருந்து நிறைய நீர் ஊற்றி முழுதும் வடியவிட வேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலையை வானமே செய்துவிடும். திறந்த மாடியில் உள்ள தொட்டிகளை நல்ல மழையில் இரண்டு நாள் நனையவிட்டாலே போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவது பல வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்யப்படுகிறது. அந்த நீரில் உப்பு ஏற்கெனவே செறிந்திருக்கிறது. அதை மூடிய நீர் அறையில் ஊற்றினால் உப்பு இருமடங்கு விரைவில் சேர்ந்தாற்போலாகும். அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துவதே தகும். மாறாக, குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இராது. மும்பை, சென்னை, கொச்சி போன்ற ஈரக்காற்று வீசும் நகரங்களில் ஒரே கருவி நாள்தோறும் பல லிட்டர் தரும். அதை ஒரு வாளியில் பிடித்து நீர் அறைகளை நிரப்பலாம். காவிரியிலிருந்தோ கிருஷ்ணையிலிருந்தோ வந்த நீரைத் தொடவே வேண்டியதில்லை.

விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் தானே நீர் எடுத்துக்கொள்ளும் தொட்டிகள் இன்று பல வடிவங்களில் கிடைக்கின்றன. அழகு வேண்டுவோர் அவற்றை வாங்கலாம். ஆனால் இம்முறையைப் பணம் படைத்தவர்களின் பால்கனிக்கு உரியதாக்கிவிடக் கூடாது என்பது நம் கருத்து. ஒன்றனுள் ஒன்று அடங்கும் இரண்டு 20 லிட்டர் வாளிகள், ஒரு நெகிழிக் குவளை, வாளியின் உயரத்துக்குச் சற்று மிகுந்த ஒரு குழாய்த் துண்டு ஆகியவை போதும்.

உள்வாளியின் அடியில் காற்றும் வடிகாலும் வேண்டிச் சிறு துளைகள் பல இட வேண்டும். நடுவில் குவளை நுழையும் அளவு ஒரு பெருந்துளை. ஓரத்தில் குழாய் நுழைய ஒரு துளை. பக்கங்களில் துளையிட்ட குவளையைப் பெருந்துளையில் பொருத்தி, உள்வாளியை வெளிவாளிக்குள் வைத்தால் குவளை அடி வரை இறங்கி நிற்கும். குவளைக்குள் மண்கலவையை அழுத்தி நிரப்பினால் அதுவே நீரில் ஊன்றிய கால். வெளிவாளியின் பக்கத்தில், உள்வாளியின் அடிக்குச் சற்றுக் கீழே வழிதுளை இட வேண்டும். நீருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு விரற்கடை காற்று நிற்பதற்கு இத்துளையே காவல். பெருமழையில் தொட்டி சேற்றுக்குழியாகாமல் காப்பதும் இதுவே. ஆகவே இந்த ஒரு துளையை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது.

உண்ணும் பயிர் வளர்ப்பவர்கள் உணவுப் பொருள் வைத்திருந்த வாளிகளைத் தேர்ந்துகொள்வது நலம். வாளி ஒளி புகாததாக இருக்க வேண்டும். ஒளி புகுந்தால் பாசி படரும். திரி வைப்பதானால் பருத்தித் துணி வேண்டாம். ஈரத்தில் விரைவில் மக்கிவிடும். நைலான் கயிறோ பாலியஸ்டர் துணிப்பட்டையோ நீண்ட நாள் உழைக்கும்.

பலர் தோற்பது மண்ணில்தான். தோட்டத்துச் செம்மண்ணையோ களிமண்ணையோ அப்படியே நிரப்பினால் அது நீரை இழுத்துக் கெட்டியாகி, காற்றுக்கு இடமின்றி வேரை அழுகச் செய்யும். கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்த் தூளும் நன்கு மக்கிய உரமும் ஏறத்தாழச் சம அளவு, அதனோடு பொலபொலப்புக்குச் சிறிது பெர்லைட்டோ உமிக்கரியோ சேர்த்தால் நல்ல கலவை. உரத்தைக் கலவையில் இட வேண்டுமேயன்றி நீர் அறையில் கரைக்கக் கூடாது; கரைத்தால் நாற்றமும் பாசியும் வரும். நாற்று நட்ட முதல் இரண்டு வாரம் மேலிருந்தே நீர் வார்க்க வேண்டும். வேர் கீழிறங்கிய பின்பே நீர் அறையை நம்பலாம்.

எல்லாச் செடிக்கும் அன்று

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கீரை வகைகள், புதினா ஆகியவை இம்முறையில் செழிக்கும். வீட்டுக்குள் வளர்க்கும் மணிபிளாண்ட், அரிக்கா பனை போன்றவையும் ஏற்கும். கள்ளி, கற்றாழை, அடீனியம் போன்று வறட்சியை விரும்பும் செடிகளுக்கு இது ஆகவே ஆகாது. எப்போதும் ஈரம் இருந்தால் அவற்றின் வேர் அழுகிவிடும். இருக்கும் தொட்டிகளையெல்லாம் ஒரே நாளில் மாற்றாமல், தாகம் மிகுந்த நான்கைந்து செடிகளில் தொடங்குவதே முறை.

எடையையும் எண்ண வேண்டும். ஈரக் கலவையும் நிறைந்த நீர் அறையும் கொண்ட வாளி நல்ல கனமுடையது. பழைய கட்டடத்தின் மாடியிலோ வெளியே நீண்டிருக்கும் பால்கனியிலோ பல தொட்டிகளை வைக்கும் முன் பொறியாளர் ஒருவரைக் கேட்பது கடமை. சுவரையும் தூணையும் ஒட்டி வைப்பது, நடுத்தளத்தில் குவிப்பதை விடப் பாதுகாப்பானது.

ஒன்றை மறுபடியும் தெளிவாக்குவோம். செடி இலை வழியே விடும் நீரை எந்தத் தொட்டியும் மிச்சப்படுத்த முடியாது. அது செடியின் உயிர்ச் செலவு. நாம் மிச்சப்படுத்துவது நம் கையின் கவனக்குறைவால் போகும் நீரை மட்டுமே. அந்த அளவில் நின்று பேசினால் இம்முறைக்கு நாம் தரும் பரிந்துரை வலுப்பெறுமேயன்றிக் குறையாது.

தடையா, நெறியா?

கோடையில் நீர் குறையும்போது குடியிருப்போர் சங்கங்கள் எடுக்கும் முதல் முடிவு, பால்கனியில் செடி வைக்கத் தடை. கொசு, ஒழுகல், எடை என்ற மூன்று காரணங்களும் சொல்லப்படும். மூன்றும் பொய்யல்ல. ஆனால் தடை அந்த மூன்றையும் தீர்ப்பதில்லை. செடி வளர்ப்பவர்கள் மறைவாக வளர்ப்பர். திறந்த தட்டுகள் கண்ணில் படாத மூலைக்குப் போகும். தடைக்கு மாற்றாகச் சங்கங்கள் ஒரு நெறியை வகுக்கலாம்: திறந்த தட்டு கூடாது, மூடியும் வலையும் உள்ள நீர் அறை வேண்டும், ஒரு வீட்டுக்கு இத்தனை தொட்டி என எடைக்கேற்ற வரம்பு வேண்டும், குளிர்சாதனக் கருவிகளின் நீரைச் சேர்க்கப் பொதுவான ஒரு தொட்டி வேண்டும். சங்கக் கூட்டம் ஒன்றில் அரை மணி நேரத்தில் முடிவு செய்யக்கூடிய செய்திகள் இவை.

நகராட்சிகளுக்கும் தோட்டக்கலைத் துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாடித்தோட்டத்தை ஊக்குவிக்க விதையும் வளர்ப்புப் பையும் தரும் திட்டங்கள் பல மாநிலங்களில் உள்ளன. அவற்றோடு நீர் அறை அமைக்கும் முறையையும் ஒரு பக்க விளக்கமாகவேனும் சேர்த்துக் கொடுத்தால், அந்த விதை அடுத்த கோடையிலும் செடியாக நிற்கும்.

நீர் என்பது நமக்கு முன்னோர் விட்டுச் சென்ற முதல். அதன் வட்டியில் வாழ்ந்த காலம் போய், முதலையே எடுத்துச் செலவழிக்கும் காலத்தில் நிற்கிறோம். ஒரு வீட்டுப் பால்கனியில் சேமிக்கும் சில லிட்டரால் ஆறு நிறைந்துவிடாது. ஆனால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே எடுத்துக்கொள்ளும் வேரைத் தினமும் அருகிருந்து பார்க்கும் குடும்பம், குளியலறையிலும் சமையலறையிலும் குழாயை அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கும். கோடை வருவதற்கு இன்னும் காலம் இருக்கும்போதே ஒரு வாளியில் தொடங்குவோம். முதல் நாற்றாக மிளகாய் நல்லது. தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் செடி அது.